தமிழில் பாட உரிமை கேட்டவர்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் இடத்தில் கீர்த்தனை ஒலிக்காமல் இராது. ஒருவர் பல்லவியை எடுத்துக் கொடுப்பார். கூட்டம் அதை வாங்கிப் பாடும். ஆர்மோனியம், தபேலா, மிருதங்கம் என்று கையில் கிடைத்த வாத்தியம் கூடச் சேரும். பாளையங்கோட்டையானாலும் கொச்சியானாலும் கொழும்பானாலும் இதுதான் வழக்கம். இப்படிப் பாடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. தமிழ்ப் பண்களில் அமைந்த பாட்டுகளை ஆலயத்தில் பாடக்கூடாது என்று தடை விழுந்தது. அந்தத் தடையை எதிர்த்து நின்றவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்து வந்த வேலையை அந்தத் தகராறில் இழந்தார். ஆனால் பாட்டை விடவில்லை.

பெயர் ஒற்றுமையால் இவரையும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் பலர் ஒருவராக நினைப்பதுண்டு. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை 1826-ல் பிறந்தவர், முன்சீபாக இருந்தவர். சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர்.

பாளையங்கோட்டைச் சிறுவன்

வேதநாயகம் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி பாளையங்கோட்டையில் பிறந்தார். வேளாளர் குடும்பம். தந்தை தேவசகாயம் கத்தோலிக்கராக இருந்து, பின்னர் புராட்டஸ்டண்ட் சபையில் சேர்ந்து உபதேசியார் ஆனவர்.

அக்காலத்தில் பாளையங்கோட்டையில் இருந்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே. 1780-ஆம் ஆண்டு சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள்தான் இருந்தன. மராட்டிய பிராமண விதவையாயிருந்து கிறிஸ்தவரான கிளாரிந்தா அம்மையார் அங்கே ஓர் ஆலயம் கட்டினார். அதைப் பிரதிஷ்டை செய்ய 1785-ல் தஞ்சையிலிருந்து ஸ்வார்ட்ஸ் ஐயர் வந்தார்.

ஸ்வார்ட்ஸ் ஜெர்மன் நாட்டு மிஷனரி. 1750-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, திருச்சியிலும் தஞ்சையிலும் பணி செய்தவர். மன்னர்களும் கம்பெனியாரும் ஒருங்கே நம்பிய மனிதர். உபதேசியாரின் மகனுடைய அறிவும் குரலும் அவருக்குப் பிடித்துப் போயின. படிக்க வைப்பதாகச் சொல்லிச் சிறுவனைத் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார்.

இளவரசருடன் கல்வி

தஞ்சையில் அந்தச் சிறுவனுக்கு எளிதில் யாருக்கும் கிடைக்காத தோழமை கிடைத்தது. தஞ்சை மன்னர் துளஜாஜி இறக்கும் முன் தத்தெடுத்த இளவரசர் சரபோஜி, ஸ்வார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தார். பிற்காலத்தில் சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் புகழ் தேடித் தந்த சரபோஜி மன்னர் அவரேதான். வேதநாயகத்தைவிட அவர் மூன்று வயது இளையவர். ஒருவர் அரசு வாரிசு, மற்றவர் உபதேசியார் மகன். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். ஒரே ஆசானின் நிழலில் ஏற்பட்ட அந்த நட்பு கடைசி வரை நிலைத்தது.

பின்னர் வேதநாயகம் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். அங்கே டாக்டர் ஜான் முதலிய மிஷனரிகளிடம் வேத சாஸ்திரத்தோடு வானநூல், பூகோளம், கணிதம் ஆகியவற்றையும் கற்றார். தஞ்சைக்குத் திரும்பி, 19 வயதிலேயே உபதேசியார்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். 1798-ல் ஸ்வார்ட்ஸ் காலமான பின்னும் அந்தப் பணியில் நீடித்தார்.

ஜெர்மன் மெட்டும் தமிழ்ச் சொல்லும்

தமிழ்நாட்டில் புராட்டஸ்டண்ட் சபை 1706-ல் தரங்கம்பாடியில் தொடங்கியது. டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சோவும் அதைத் தொடங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்றார்; புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். வேதம் தமிழில் வந்துவிட்டது. ஆனால் பாட்டு மட்டும் ஜெர்மன் மெட்டிலேயே இருந்தது. ஜெர்மன் பாட்டுகளைத் தமிழில் மொழிபெயர்த்து, அதே மெட்டில் பாடக் கற்றுக் கொடுத்தார்கள். சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பெப்ரீஷியஸ் இத்தகைய பாட்டுகள் பலவற்றை மொழிபெயர்த்தார். அவற்றை ஞானப்பாட்டுகள் என்று அழைத்தார்கள்.

இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. தமிழில் குறில் என்றால் குறுக வேண்டும், நெடில் என்றால் நீள வேண்டும். ஜெர்மன் மெட்டு தன் போக்கில் நீளும், குறுகும். மெட்டுக்காகக் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும். எதுகை மோனை கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அடிகள் ஒட்டவில்லை. பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துப் பாடினார்கள். எழுத்தறியாத விவசாயியும் கூலியாளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கேட்டுக் கொண்டு நின்றார்கள்.

ஆலயத்துக்கு வெளியே அதே மக்கள் வாயடைத்து இருக்கவில்லை. நாற்று நடும்போது பாடினார்கள். கும்மியடித்துப் பாடினார்கள். தொட்டில் ஆட்டும்போதும் மாரடிக்கும்போதும் பாடினார்கள். வாழ்வின் சுக துக்கத்தை எல்லாம் பாட்டில் சொல்லத் தெரிந்த மக்கள், ஆண்டவன் சந்நிதியில் மட்டும் அயல்நாட்டு மெட்டை முணுமுணுக்க வேண்டியிருந்தது. இதைத்தான் வேதநாயகர் மாற்ற நினைத்தார்.

குறவஞ்சியில் பெத்லகேம்

மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த வடிவங்களை எல்லாம் அவர் எடுத்துக் கொண்டார்.

அவற்றில் புகழ் பெற்றது 'பெத்லகேம் குறவஞ்சி'. 1800-ஆம் ஆண்டளவில் இயற்றியது. குறவஞ்சியின் கதைப் போக்கைத் திருநெல்வேலிச் சீமையில் தெரியாதவர் கிடையாது. உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி மையல் கொள்வாள். குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்வாள். குற்றாலக் குறவஞ்சியில் தலைவி வசந்தவல்லி. சாஸ்திரியாரின் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி. தலைவன் பெத்லகேம் நாதர். குறவன் பறவை பிடிக்கும் காட்சி, ஆன்மாக்களைக் கூட்டிச் சேர்க்கும் காட்சியாகிவிட்டது.

அந்த நூலில் இன்னொரு புதுமையும் உண்டு. தரங்கம்பாடியில் கற்ற வானநூலையும் பூகோளத்தையும் அதில் பாட்டாக்கிச் சேர்த்தார். சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் விவரத்தைக் குறவஞ்சி மெட்டில் தமிழர்கள் கேட்டது இந்த நூலில்தான்.

'ஞானத்தச்ச நாடகம்', 'ஞான நொண்டி நாடகம்', 'ஜெபமாலை', 'பேரின்பக் காதல்' எனத் தொடர்ந்து எழுதினார். 'சாஸ்திரக் கும்மி'யில் சகுனம், நாள் நட்சத்திரம் பார்ப்பது போன்ற மூட வழக்கங்களைச் சாடினார். அவருடைய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை என்பர்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. சீடர்களோடும் வாத்தியங்களோடும் ஊர் ஊராகச் சென்று கதாகாலட்சேபம் போலப் பாடினார். தஞ்சை, தரங்கம்பாடி, சென்னை, திருநெல்வேலி ஆகிய இடங்களில் சபைகள் அவரை அழைத்துக் கேட்டன. பல்லவியைக் கூட்டம் திரும்பப் பாடுவதால் புத்தகம் தேவைப்படவில்லை. ஒருமுறை கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாடினார்கள். பழைய மிஷனரிகள் இதை மெச்சினார்கள். பட்டங்கள் வந்தன. வேதநாயகம், வேதநாயக சாஸ்திரியார் ஆனார்.

அப்போதைய தஞ்சையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். திருவையாற்றில் தியாகராஜர் பாடிக் கொண்டிருந்த காலம் அது. முத்துசுவாமி தீட்சிதர் ஏறக்குறைய சாஸ்திரியாரின் வயதினர். கர்நாடக இசை புது உருவம் பெற்ற மண்ணில்தான் கிறிஸ்தவக் கீர்த்தனையும் வேர் பிடித்தது.

தடை வந்தது

1820-களில் நிலைமை மாறியது. ஸ்வார்ட்ஸ் காலத்து ஜெர்மன் மிஷனரிகள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். தஞ்சை மிஷனின் பொறுப்பு எஸ்.பி.சி.கே. சங்கத்திடமிருந்து எஸ்.பி.ஜி. சங்கத்துக்குக் கை மாறியது. புதிதாக வந்த மிஷனரிகள் புதிய கண்டிப்புகளைக் கொண்டு வந்தார்கள். தஞ்சையில் அவர்களில் முக்கியமானவர் ஹௌப்ரோ.

சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தவர்களும் நான்கு கொடுமைகள் என்று பட்டியல் போட்டு முறையிட்டார்கள். பழகிய பெப்ரீஷியஸ் வேதாகமத்தை ஒதுக்கிப் புது மொழிபெயர்ப்பைப் புகுத்துவது ஒன்று. சாதி வேறுபாட்டை விடும்படி கட்டாயப்படுத்துவது மற்றொன்று. கலியாணத்திலும் சாவிலும் பண்டிகையிலும் பூ பயன்படுத்துவதைத் தடுப்பது மூன்றாவது. தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஆலயத்திலிருந்து விலக்குவது நான்காவது.

மிஷனரிகள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. குறவஞ்சி போன்ற வடிவங்கள் கோயிலிலும் சதிரிலும் ஆடப்பட்டவை. அந்த மெட்டைக் கேட்டால் புதிதாகச் சேர்ந்தவர்களின் மனம் பழைய வழிபாட்டுக்குப் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

சாஸ்திரியாரின் பதில் வேறு. இசை எந்த மதத்துக்கும் சொந்தமல்ல. மக்கள் மனம் எந்தப் பண்ணில் உருகுமோ அதில் துதிப்பதே துதி என்பது அவர் கட்சி. ஜெர்மானியர் தம் நாட்டு மெட்டில் பாடுவது தவறில்லை என்றால் தமிழர் தம் நாட்டு மெட்டில் பாடுவது எப்படித் தவறாகும்? பக்கம் பக்கமாக எழுதினார். மனுச் செய்தார். மேலிடங்களுக்கும் முறையிட்டார்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அதே தஞ்சையில், அரண்மனையில், சரபோஜி மன்னர் மேனாட்டு வாத்தியங்களை வரவழைத்து பாண்டு இசை அமைத்திருந்தார். இந்து மன்னரின் சபையில் ஐரோப்பிய இசைக்கு இடம் இருந்தது. தமிழர்கள் கூடும் ஆலயத்தில் தமிழ் இசைக்கு இடம் இல்லாமல் போனது.

மட்டாஞ்சேரி அறிந்த வழக்கு

இத்தகைய வழக்கு கொச்சிக்குப் புதிதல்ல. 1599-ல் உதயம்பேரூரில் போர்த்துகீசியப் பேராயர் மெனேசிஸ் கூட்டிய சபையில், கேரளக் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்திய சுரியானி நூல்கள் திருத்தப்பட்டன. பல கண்டனம் செய்யப்பட்டு அழிக்கப்பட்டன. வழிபாட்டு முறைகளும் லத்தீன் சபை வழக்கத்தை ஒட்டி மாற்றப்பட்டன. மனக்கசப்பு அரை நூற்றாண்டு புகைந்தது. 1653 ஜனவரி 3-ந் தேதி மட்டாஞ்சேரியில் திரண்ட மக்கள், சிலுவையில் கட்டிய கயிறுகளைப் பிடித்துக் கொண்டு, அந்த மிஷனரிகளின் அதிகாரத்துக்கு இனி அடங்குவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். கூனன் குரிசு என்று இன்றும் மட்டாஞ்சேரியில் அந்தப் பெயர் வழங்குகிறது.

மட்டாஞ்சேரியில் ஒரு சமுதாயமே திரண்டு சபையைப் பிரித்துக் கொண்டது. தஞ்சையில் சாஸ்திரியாருக்கு அத்தகைய பலம் இல்லை. அவர் மிஷன் சம்பளத்தில் வாழ்ந்த ஆசிரியர். ஆனாலும் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான். வழிபடுகிறவன் எப்படி வழிபட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு?

வேலை போனது, மன்னர் கை கொடுத்தார்

1829-ஆம் ஆண்டளவில் சாஸ்திரியாரின் உத்தியோகம் போயிற்று. அப்போது அவருக்கு வயது 55. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்த வேலை. குடும்பம் இருந்தது, வேறு வருமானம் தேடும் வயது கடந்துவிட்டது.

கை கொடுத்தவர் பால்ய நண்பர் சரபோஜி. மன்னர் தம் அவைப் புலவராக அவரை ஆதரித்தார். ராஜ்யத்தின் நிர்வாகம் 1799-லேயே கம்பெனி வசம் போய்விட்டது என்றாலும் அரண்மனையும் கலை ஆதரவும் மன்னரிடம் இருந்தன. கிறிஸ்தவப் புலவர் தம் மார்க்கத்தையே பாடுவார் என்று தெரிந்தும் மன்னர் மானியம் தந்தார்.

அந்த நிழலும் நீடிக்கவில்லை. 1832 மார்ச் மாதம் சரபோஜி காலமானார். அரண்மனை ஆதரவு நின்றது. சாஸ்திரியார் மறுபடியும் பாட்டை நம்பியே வாழ வேண்டியதாயிற்று.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

சாஸ்திரியாரின் வரலாற்றை எழுதும்போது ஒன்றைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. நான்கு கொடுமைகள் என்று அவர் சொன்னவற்றில் ஒன்று, சாதியை விடச் சொன்னது.

தஞ்சை ஆலயத்தில் வேளாளர் ஒரு பக்கமும் ஒடுக்கப்பட்ட மக்கள் மறுபக்கமும் உட்கார்ந்தார்கள். பழைய மிஷனரிகள் இதைப் பொறுத்துக் கொண்டார்கள். புதியவர்கள் எல்லாரும் கலந்து உட்கார வேண்டும் என்றார்கள். சாதி என்பது மதத்தைச் சேர்ந்ததல்ல, நாட்டு நடப்பு என்று சாஸ்திரியார் வாதாடினார். பூவையும் பாட்டையும் காத்த அதே மூச்சில், பிரிந்து உட்காரும் வழக்கத்தையும் காத்தார்.

1833-ல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கடிதம் எழுதினார். 1835-ல் நேரிலும் வந்தார். தஞ்சையிலும் திருச்சியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் பணிய மறுத்து ஒதுங்கினார்கள்.

இங்கே நியாயம் மிஷனரிகள் பக்கம் இருந்தது. பாட்டில் அவர்கள் தவறினார்கள். இருக்கையில் சாஸ்திரியார் தவறினார். அயல்நாட்டான் தன் வாயை அடைப்பது கொடுமை என்று உணர்ந்த பெரும் புலவர், தம் அருகே உட்காரும் உரிமை கேட்ட தமிழனின் மனத்தை உணரவில்லை. அவர் பாட்டுகளை அந்த மக்களும் வாய் நிறையப் பாடினார்கள் என்பதை நினைத்தால் இது இன்னும் உறுத்துகிறது.

தடை விழுந்த பாட்டு அச்சேறியது

காலம் சாஸ்திரியாரின் பாட்டுக்குத் தீர்ப்பு வழங்கியது. அதுவும் அவர் கண் முன்னாலேயே வழங்கியது.

மதுரைச் சீமையில் அமெரிக்க மிஷன் பணியாற்றி வந்தது. அதைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்ற மிஷனரி, மக்கள் எந்தப் பாட்டில் ஈடுபடுகிறார்கள் என்று கவனித்தவர். தமிழ் மெட்டில் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் திரட்டி, சபைக் கூட்டங்களில் பாடுவதற்கென்றே 1853-ல் புத்தகமாக வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாட்டுகள் பல அதில் இடம் பெற்றன.

ஒரு வெள்ளைக்கார மிஷனரி விலக்கி வைத்த பாட்டை, இன்னொரு வெள்ளைக்கார மிஷனரி அச்சிட்டு ஆலயத்துக்குள் கொண்டு வந்தார். இடையில் சென்றது கால் நூற்றாண்டுதான். அதன் பிறகு கீர்த்தனைப் புத்தகங்கள் பெருகின. ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து ஒலிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

கேரளத்திலும் அந்த வழி திறந்தது. திருவிதாங்கூரைச் சேர்ந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) கர்நாடக ராகங்களில் மலையாளக் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றினார். தம் மொழியில், தம் பண்ணில் பாடும் உரிமை மலையாளச் சபைகளிலும் நிலைபெற்றது.

கடைசி நாட்கள்

வேதநாயக சாஸ்திரியார் 1864-ஆம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி தஞ்சையில் காலமானார். வயது 89. ஸ்வார்ட்ஸின் கையைப் பிடித்துக் கொண்டு வந்த சிறுவன், மராட்டிய மன்னர் ஆட்சி, கம்பெனி ஆட்சி, விக்டோரியா மகாராணி ஆட்சி என மூன்றையும் பார்த்துவிட்டார். கதாகாலட்சேபத்தை அவர் பரம்பரையினர் தொடர்ந்து நடத்தினார்கள்.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த தமிழர்களுக்கு அவர் விட்டுச் சென்றது பெரிய சொத்து. பேச்சு மொழி மாறிய ஊரிலும், வாரம் ஒருமுறை கூடி, தாயிடம் கேட்ட மெட்டில் பாட முடிகிறது. கூட்டம் முடியும்போதும் கலியாண வீட்டிலும் பாடும் மங்களப் பாட்டு அவருடையது என்று அறியாமலே பாடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

அவர் தொட மறுத்த வேலை மட்டும் மீதி இருக்கிறது. தமிழகத்தில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்ததும், அதை எதிர்த்துப் போராட்டம் நடந்ததும் நம் காலத்துச் செய்திகள். ஒரே பல்லவியைச் சேர்ந்து பாடுகிறவர்கள் ஒரே பெஞ்சில் சேர்ந்து உட்காரும்போதுதான் சாஸ்திரியார் கேட்ட உரிமை முழுமை பெறும்.